மியூவானுக்கு எதிராக ஒரு மனு

கண்ணு,

சென்ற திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, நன்கு யோசித்து, பின்விளைவுகள் அனைத்தையும் எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்தேன். காதர் பாய் டீக்கடை வாசலில் தொங்கும் பலகையில் 'கடல் மட்டத்திலிருந்து 6000 அடி உயரம்' என்று எழுதியிருப்பதை இனி நான் ஆட்சேபிப்பதில்லை. பதினோரு ஆண்டுகளாக ஆட்சேபித்து வந்தேன் என்பது உனக்குத் தெரியும். நம் செம்மநத்தம் ஐயாயிரம் அடியைக்கூடத் தொடாது என்று வரைபடத்தோடு போய் வாதாடியிருக்கிறேன். இரண்டு முறை நானே சாக்பீஸால் அடித்துத் திருத்தினேன். மழை பெய்து என் திருத்தத்தை மட்டும் அழித்தது. முடிவைத் தெரிவித்தபோது காதர் பாய் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். "ஒடம்புக்கு ஏதாச்சும் செரியில்லீங்களா ரைட்டரே?" என்று கேட்டார். நலமாக இருப்பதாகச் சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஐந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ பங்குனியில் நாட்டைவிட்டுப் போகப் போகிறாய். அதற்கும் அந்தப் பலகைக்கும் தொடர்பு இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், போனில் நான் ஏற்கெனவே உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதே இடத்தில் நின்று உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். மாசி மாதம் நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னறை ஜன்னலோரம் வைத்தாய். பழைய சூட்கேஸ் அளவு. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தகடு, சுற்றிலும் கறுப்புத் தாள், ஓரத்தில் சிவப்பு விளக்கு, எண் காட்டும் சின்னத் திரை. 'டிக்' என்று சத்தம் வரும்போதெல்லாம் ஒரு துகள் இரண்டு தகட்டையும் ஊடுருவிப் போயிருக்கிறது என்று பொருள். சேலத்தில் ஒரு கல்லூரியில் இதே மாதிரி இன்னொரு பெட்டி. மலைமேல் எத்தனை, கீழே எத்தனை என்று ஒரு முழு ஆண்டு எண்ண வேண்டும். வெயிலுக்கும் பனிக்கும் எண்ணிக்கை மாறும் என்பதால் நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உன் ஆராய்ச்சிப் பட்டம் அந்த எண்ணிக்கையின்மேல் நின்றது. இதையெல்லாம் நீ சொன்னாய். நான் தலையாட்டினேன். எனக்கு எவ்வளவு புரிந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்காததை இப்போது சொல்கிறேன்.

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும், காபிச் செடி, மிளகுக் கொடி, வார்டு மெம்பர் வெள்ளையன் உட்பட, மூன்றே சரக்கால் ஆனது. மேல் குவார்க், கீழ் குவார்க், எலெக்ட்ரான். மேல் இரண்டும் கீழ் ஒன்றும் சேர்ந்தால் புரோட்டான். கீழ் இரண்டும் மேல் ஒன்றும் சேர்ந்தால் நியூட்ரான். மூன்று சரக்கில் இத்தனையும் கட்டி முடித்திருக்கும்போது, நம் ஊரில் ஒரு தெருவிளக்குப் போட ஏன் முப்பது கையெழுத்து வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். அது வேறு துறை என்றாய். குவார்க்கைத் தனியாகப் பார்க்க முடியாது என்றும் சொன்னாய். ஒன்றைப் பிடித்து இழுத்தால், இழுக்கச் செலவான சக்தியிலேயே புதிதாக இன்னொன்று பிறந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். தனிக் குவார்க்கை எவரும் கண்டதில்லை. அப்புறம் உன் மியூவான். எலெக்ட்ரானின் உடன்பிறப்பு, குணமெல்லாம் அதே, எடை மட்டும் இருநூறு மடங்கு. எந்தப் பொருளைக் கட்டவும் அது தேவைப்படுவதில்லை. எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வெகு உயரத்தில் காற்றோடு மோதும்போது அது பிறக்கிறது. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு பங்கு நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் அது நம் மலைக்கு வந்து சேர முடியாது. ஆனால் வந்து சேருகிறது. அவ்வளவு வேகமாக ஓடுகிறவனுக்குக் காலம் மெதுவாக நகரும், அதனால் நம் கண்ணுக்கு அதன் ஆயுள் நீண்டுவிடுகிறது என்றாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அதுதான் இவனுக்கு நம்மகிட்டப் பேசி ரெண்டு வாரம் ஆனதே தெரியறதில்லையாட்ட இருக்குது" என்றாள். நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியால் கிடைத்த முடிவுகளில் ஒன்றை நீ உன் ஆய்வில் குறிப்பிட மாட்டாய். நான் குறித்து வைக்கிறேன். எண்களை எடுத்துப்போக ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நீ வந்தாய். அதற்கு முன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாய். தீபாவளிக்கு வராமலும் இருப்பாய். பெட்டி வைத்த நாளையும் சேர்த்து ஒன்பது முறை வந்தாய். வெள்ளிக்கிழமை மாலையே அம்மா உனக்குப் பிடித்த புளிக்குழம்புக்குப் புளியை ஊறவைத்துவிடுவாள். நானும் என் பங்குக்குப் பெட்டியைக் காத்தேன். முப்பத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, வேலைக்கு வந்தவர்களின் பெயருக்கு நேரே தினமும் கோடு போட்டவன். ஓய்வுபெற்ற பிறகு என் முன்னால் யாரும் ஆஜராவதில்லை. இப்போது நிமிடத்துக்கு நூற்று நாற்பது பேர் ஆஜரானார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று ஒரு நோட்டில் ஏற்றி வந்தேன். பெட்டியே பதிந்துகொள்கிறது, தேவையில்லை என்றாய். தேவையில்லைதான்.

ஆவணி மாதம் டீக்கடையில் வெள்ளையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஏனுங்க ரைட்டரே, பையன் ஊட்டுக்குள்ள என்னமோ அணுப் பொட்டி கொண்டாந்து வெச்சிருக்கறானாமா?"

"அணுப் பொட்டி இல்லப்பா. அது எதையும் உண்டு பண்றதில்ல. எண்ணுது, அவ்வளவுதான்."

"என்னத்த எண்ணுதுங்க?"

"வானத்துல இருந்து வர்ற துகள."

"வந்து?"

"வந்து நமக்குள்ள பூந்து அந்தப் பக்கமாப் போயிருது."

காதர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எத்தனைங்க போகும்?" என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "கைய விரிச்சு நீட்டுனா உள்ளங்கையில நொடிக்கு ஒண்ணோ ரெண்டோ" என்றேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒரே சமயத்தில் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். சால்வை தடுக்குமா என்று கேட்டார் காதர் பாய். மலையையே துளைத்துக்கொண்டு போகும் என்று உண்மையைச் சொன்னேன்.

"இது எப்ப இருந்துங்க நடக்குது?" என்றான் வெள்ளையன்.

"ஒலகம் உண்டான நாள்ல இருந்து."

அவன் விடவில்லை. "அப்பறம் ஏனுங்க பொட்டி வந்ததுக்கு அப்பறந்தான் எங்களுக்குத் தெரியுது?"

இதற்கு விடை உன் புத்தகங்களில் இருந்தால் எழுதி அனுப்பு.

அதன்பிறகு நான் ஊரில் ஒரு வதந்தியைப் பிடித்து இழுத்தால், இழுத்த வேகத்திலேயே இன்னொன்று பிறந்து அதோடு ஒட்டிக்கொண்டது. தனி வதந்தியை எவரும் கண்டதில்லை. பலாப்பிஞ்சு உதிர்ந்தது பெட்டியால். செல்போனுக்கு டவர் கிடைக்காதது பெட்டியால். பெட்டி வருவதற்கு முன் கிடைத்ததா என்று கேட்டேன், அப்போது கிடைக்காதது வேறு காரணத்தால் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பழனியம்மா மட்டும் நேராக வந்தாள். பத்து வருடமாக நமக்குப் பால் ஊற்றுகிறவள். அவள் மாடு வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது, ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். "ரைட்டரய்யா, ஒரே ஒரு வாரத்துக்கு அந்தப் பொட்டிய அமத்திப் போடுங்க. அப்பவும் மாடு கறக்கலீன்னா நானே வந்து திரும்பப் போட்டு உடறனுங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது முறையான சோதனைதான். உன் துறையிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒரு நாள் விட்டால் ஆண்டே போய்விடும் என்று நீ சொல்லியிருந்தாய். முடியாது என்றேன். "செரிங்க. அப்ப கறக்கறத எங்கூட்டுக் கொழந்தைகளுக்கே ஊத்திக்கறனுங்க" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து நம் வீட்டில் கடுங்காப்பி. நீ வந்தபோது அம்மா பக்கத்து ஊர் வாழவந்திக்கு ஆள் அனுப்பிப் பால் வாங்கினாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் வெள்ளையன் வீட்டுக்கு வந்தான். கையில் நான்காக மடித்த தாள். வாசலிலேயே நின்றான். "தப்பா நெனச்சுக்காதீங்க. மனு உங்க ஊட்டு மேலதான். ஆனா எழுத உங்கள உட்டா இந்த ஊருல ஆருங்க இருக்கறாங்க? ஒருக்காப் பாத்துக் குடுத்தீங்கன்னா நொம்ப ஒதவியா இருக்கும்." அதுவரை இந்த ஊரிலிருந்து போன மனு ஒவ்வொன்றும் என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. அம்மா அவனுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். பால் இல்லையா என்று கேட்டான். "அந்த மாட்டப் பத்தி உங்க மனுவுலயே எழுதியிருப்பீங்க, பாத்துக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

எழுதித்தான் இருந்தது. அந்த மனுவை நீ பார்த்திருக்க வேண்டும். 'எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் அணுகுண்டு தயாரிக்கும் பெட்டி ராப்பகலாக ஓடி, அதில் இருந்து வெளியேறும் மீவான் என்னும் விஷவாயு' என்று தொடங்கி, பழனியம்மாவின் மாடு, பலாப்பிஞ்சு, செல்போன் டவர் வழியாக, போன ஆண்டு போட்டு இந்த ஆண்டு பெயர்ந்துபோன ரோட்டில் போய் முடிந்தது. அது அப்படியே கீழே கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தால் படித்தவர்கள் சிரித்துவிட்டுக் கோப்பில் போட்டிருப்பார்கள். இது எனக்குத் தெரியும், கண்ணு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: தாளை மடித்து, 'நன்றாக இருக்கிறது, அப்படியே கொடுங்கள்' என்று சொல்ல வேண்டும். ஆனால் விஷவாயு என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அது வாயுவே அல்ல. ஒன்பது மாதம் அதற்கு வருகைப் பதிவேடு எழுதியவன் நான். பேனாவை எடுத்தேன்.

மூன்று பத்தி எழுதினேன். முதல் பத்தி, நாங்கள் யார். இரண்டாம் பத்தி, பெட்டி என்ன செய்கிறது: அது எந்தக் கதிரையும் வெளியிடுவதில்லை, விண்கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்னும் அடிப்படைத் துகள்களை எண்ணுகிறது, அத்துகள்கள் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டேதான் இருக்கும். இவ்வளவும் எழுதியபோது, உனக்கு எதிரான மனுவை உனக்குச் சாதகமாக மாற்றிவிட்டதாக நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் மாட்டையும் பலாவையும் டவரையும் எடுத்துவிட்டதால் மனுவில் காரணமே இல்லாமல் போயிற்று. காரணம் இல்லாத மனுவை நான் எழுதியதில்லை. அதனால் மூன்றாம் பத்தி: 'எனினும், குடியிருப்புப் பகுதியில் இத்தகைய தொடர் ஆய்வு நடத்துவதற்குக் கிராம சபையின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பதைப் பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.' அது உண்மைதான், நீ பெறவில்லை. பெற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வெள்ளையன் இரண்டு முறை படித்தான். "எங்க மாட்டயே காணோமுங்களே" என்றான். மாடு தேவையில்லை என்றேன். அவன் டைப் அடித்துக் கொண்டுவந்த தாளில் முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் இப்படிச் செய்வது முதல் முறை அல்ல. சேலம் ஹாஸ்டலில் உன்னைச் சேர்த்த வருடம், பதினோரு வயதில் நீ ஒரு கடிதம் போட்டாய். 'அப்பா, எனக்கு இங்கே பிடிக்கவில்லை. வந்து கூட்டிப் போங்கள்' என்று இரண்டே வரி. தேதி இல்லை, காரணம் கூறப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் திருத்தி அனுப்பினாய். தேதி இருந்தது. காரணங்கள் நான்கு இருந்தன: சோறு, குளிர்ந்த தண்ணீர், பக்கத்துக் கட்டில் பையன், இரவில் மலையின் விளக்குகள் தெரிவது. நன்றாக எழுதியிருந்தாய். எஸ்டேட் மேனேஜரிடம் காட்டினேன், அவரும் பாராட்டினார். உன்னைக் கூட்டிவர நான் வரவில்லை. அதன்பிறகு நீ எதுவும் கேட்டு எழுதியதாக எனக்கு நினைவில்லை. அந்த இரண்டாவது கடிதம் பீரோவில் இருக்கிறது. முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதால் அது என்னிடம் இல்லை.

சாயங்கால பஸ் கேட்டும், ரோடு கேட்டும், தண்ணீர்த் தொட்டி கேட்டும் இத்தனை வருடம் நான் எழுதிய மனுக்களுக்குப் பதில் வந்ததில்லை. இதற்கு ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. இறங்கியது ஒரு சின்ன வயது அதிகாரி, மரியாதையான பெண். பெட்டியைப் பார்த்தது, குனிந்து டிக் சத்தத்தைக் கேட்டது. "இதால ஒண்ணும் ஆபத்தில்லன்னு மனுவுலயே தெளிவா இருக்குதுங்க சார். ஆனா மூணாவது பத்திக்கு எங்களால பதில் சொல்ல முடியலீங்க. ஒப்புதல் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க" என்றது. பிறகு வெள்ளையனைப் பார்த்து, "இவ்வளவு நல்லா ஆருங்க எழுதினது?" என்று கேட்டது. வெள்ளையன் என்னைப் பார்க்கவில்லை. கூரை ஓட்டைப் பார்த்தான். "ஊருல எல்லாருமாச் சேந்து எழுதுனதுங்க" என்றான். அவன் என்மேல் காட்டிய அந்த மரியாதையை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

அன்றிரவு நீ போன் செய்தாய். உன் பேராசிரியர், ஆபீஸிலிருந்து அனுப்பிய மனுவின் நகலைப் படித்துவிட்டு, இது விஷயம் தெரிந்த ஆள் எழுதியது, ஊர்க்காரர்கள் அல்ல, நமக்கு வேண்டாதவர் யாரோ பின்னால் இருக்கிறார் என்று சொன்னதாகச் சொன்னாய். "யாருப்பா அது?" என்று கேட்டாய். "தெரியல கண்ணு" என்றேன். அதுதான் அந்தப் பொய்.

பெட்டியைச் சேலத்துக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோனேன் என்பது உனக்குத் தெரியும். அணைக்காமல் கொண்டுபோனேன் என்பது தெரியாது. பேட்டரியோடு மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், "ஏனுங்க பெரியவரே, என்னமோ டிக்கு டிக்குங்குதே?" என்றார். எண்ணுகிறது என்றேன். "டிக்கெட்டையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஒவ்வொரு நிமிடம் எண்ணிக் குறித்தேன். ஒரு நிமிட எண்ணிக்கை முன்னே பின்னே குதிக்கும், அதை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். குதிக்கத்தான் செய்தது. ஆனாலும் மேலே நூற்று நாற்பதை ஒட்டி இருந்தது, அடிவாரத்தில் நூற்றுப் பத்தை ஒட்டி வந்துவிட்டது. இறங்க இறங்க, வழியிலேயே தீர்ந்துபோகிறவை கூடுகின்றன. நீ மாசியில் சொன்னது எனக்கு அந்த பஸ்ஸில்தான் முழுசாகப் புரிந்தது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பயன்படாது என்று தெரியும்.

உனக்கு ஒரு புத்திமதி சொல்ல வேண்டிய இடம் இது. இங்கே எண்ணிக்கை நின்றுபோனதால், வெளிநாட்டில் சுரங்கத்துக்குள் நூற்றுக்கணக்கான பேரோடு வேலை செய்யப் போகிறாய். எதிராளியின் மனுவைத் திருத்திக் கொடுக்காதே என்று சொல்லலாம். ஆனால் அதை நீ என்னிடமிருந்து கற்றுக்கொள்ளத் தேவையில்லை, நீ யாருடைய மனுவையும் படிக்கிறவன் அல்ல. யாராவது இரண்டு வரியில் ஒன்றைக் கேட்டால், காரணம் கேட்காமல் பஸ் ஏறு. இதையாவது வைத்துக்கொள்.

தையில் கிராம சபை கூடி ஒப்புதல் கொடுத்தால் பெட்டியை மறுபடி வைத்து முதலிலிருந்து தொடங்கலாம், பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று நீ சொன்னாய். கார்த்திகை முதல் சனிக்கிழமையும் மார்கழி முதல் சனிக்கிழமையும் நீ வரவில்லை. வர வேலை இல்லை, அது எனக்குப் புரிகிறது. அம்மா வெள்ளிக்கிழமை புளியை ஊறவைத்துவிட்டு, எடுத்து ரசம் வைத்தாள். கிராம சபையில் பேச ஒரு உரை எழுதியிருக்கிறேன், நான்கு பக்கம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நொம்ப நல்லா இருக்குதுங்க. அத மட்டும் அங்க போயிப் படிச்சுப் போடாதீங்க" என்றாள். உரையைப் பீரோவில் வைத்துவிட்டேன். வீடு வீடாகப் போய் வெறுமனே கேட்பது என்று முடிவு. கைதூக்குகிறவர்களில் காதர் பாயும் ஒருவர் என்பதால், பலகையை விட்டுக்கொடுத்து அவரிடமிருந்து தொடங்கினேன். அவர் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளையனிடம் உன் பயணத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லி, 'ஊருக்கு நீயே எடுத்துச் சொல்' என்று கேட்டேன். "எனக்கொண்ணும் இல்லீங்க ரைட்டரே. பழனியம்மா செரின்னா ஊரே செரிங்கும்" என்றான். நேற்றுக் காலை பழனியம்மாவிடம் கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் பால் நிறைந்த சொம்பை நீட்டினாள்.

பெட்டி போன இரண்டாம் வாரத்திலிருந்து அவள் மாடு பழையபடி வேளைக்கு மூன்று லிட்டர் கறக்கிறது.